தெர்மகோல் இதயங்களும் ஃபார்மலின் புட்டிகளும்

1

நம் பள்ளி அறிவியல் கண்காட்சிகளின் உயிரியல் அரங்குகளில் பெரும்பாலும் இரண்டு வகைப் பொருள்களே வைக்கப்படுகின்றன. ஒரு வகை, ஒருபோதும் உயிரோடு இருந்திராதவை: தெர்மகோலில் வெட்டிச் சிவப்பும் நீலமும் பூசிய இதயம், களிமண் சிறுநீரகம், வண்ண விளக்குகள் மின்னும் மூளை. மற்றொரு வகை, உயிரோடு இருந்ததைப் பிடித்து ஊறவைத்தவை: ஃபார்மலினில் வெளுத்துப்போன தவளை, விறைத்த கடற்குதிரை, சுருண்டு கிடக்கும் பாம்புக்குட்டி. முதல் வகை எழுதுபொருள் கடையில் விலைக்குக் கிடைக்கிறது. இரண்டாம் வகை ஆய்வுக்கூட அலமாரியின் தூசியிலிருந்து ஆண்டுக்கொருமுறை எழுந்து வருகிறது. உயிருள்ள ஒன்றைத் துன்புறுத்தாமல், சட்டத்தை மீறாமல், தனக்கும் பிறருக்கும் தீங்கு நேராமல் கவனித்து, அதனிடம் ஒரு கேள்வி கேட்டு, விடைக்காகக் காத்திருந்த மாணவரின் மேசை மட்டும் காலியாகக் கிடக்கிறது.

அந்தக் காலி மேசைக்குச் சொல்லப்படும் காரணம் எப்போதும் ஒன்றுதான்: 'பொருள் கிடைப்பதில்லை.' உயிரியலில் பாதுகாப்பானது எதுவோ அது சுவாரசியமற்றது, சுவாரசியமானது எதுவோ அதற்கு அனுமதி இல்லை, ஆகவே தெர்மகோலே கதி என்கிறார்கள். இதை நான் மறுக்கிறேன். பாதுகாப்பான, அனுமதிக்கப்பட்ட பொருள்கள் நம்மைச் சூழ்ந்து கிடக்கின்றன. அவற்றைப் பொருளாக ஏற்க நாம் மறுக்கிறோம் என்பதே உண்மை.

தமிழ் கற்பிப்பவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். சொல்லைப் பற்றியது என்பதால் எனக்கு வேலை இருக்கிறது. 'பொருள்' என்ற நம் சொல்லுக்குத் தொட்டுணரும் பண்டம் என்றும் பெயர், அர்த்தம் என்றும் பெயர். தொல்காப்பியத்தின் மூன்றாம் அதிகாரம் அந்தச் சொல்லின் மேல்தான் எழுந்து நிற்கிறது. அங்கே கருப்பொருள் என்று எண்ணப்படுபவற்றுள் மாவும் மரமும் புள்ளும் உண்டு. அவை நிலத்திலிருந்து பிடுங்கப்பட்டுப் புட்டியில் அடைக்கப்பட்டவை அல்ல. ஒரு நிலத்தில், ஒரு பொழுதில், பிற உயிர்களோடு சேர்ந்திருக்கும்போதுதான் அவற்றுக்குப் பொருள். இதனால் தொல்காப்பியர் சூழலியல் கண்டுபிடித்துவிட்டார் என்று நான் சொல்ல வரவில்லை. அத்தகைய பெருமைப் பேச்சில் எனக்கு விருப்பமில்லை. நான் சொல்வது எளியது: உயிரியலுக்கான பொருளைத் தேடும் மாணவரிடம் நாம் பண்டத்தை மட்டும் கேட்கிறோம், அர்த்தத்தைக் கேட்பதே இல்லை. பண்டத்தைக் கேட்டால் கடைக்குத்தான் போவார்கள். அர்த்தத்தைக் கேட்டிருந்தால் கொல்லைப்புறம் போதும்.

2

முதலில் புட்டிகளைப் பற்றிப் பேசிவிடலாம். அறியாமையால் நடக்கும் சட்ட மீறல் இங்கேதான் அதிகம்.

1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்குத் தரப்பட்டிருக்கும் விளக்கத்தை நம் ஆசிரியர்கள் ஒருமுறை படிக்க வேண்டும். கொல்வதும் பிடிப்பதும் மட்டுமன்றி, காட்டுப் பறவைகளின், ஊர்வனவற்றின் முட்டைகளைச் சேதப்படுத்துவதும், அவற்றின் முட்டையையோ கூட்டையோ கலைப்பதும்கூட அந்த விளக்கத்தினுள் அடங்கும். 'பறவைகளின் கட்டடக்கலை' என்று தலைப்பிட்டு, பனைமரத்திலிருந்து அறுத்துவந்த தூக்கணாங்குருவிக் கூட்டைக் கயிற்றில் தொங்கவிடும் அரங்கைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கூடு கைவிடப்பட்டதா, உள்ளே முட்டை இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை. சட்டத்தின் அகராதியில் அந்த மாணவர் வேட்டையாடியவராக இருக்கக்கூடும். பரிசு கொடுத்தவர்களை அந்த அகராதி என்னவென்று சொல்லும்?

கடற்கரை மாவட்டங்களில் இது இன்னும் தீவிரம். கடற்குதிரை, கடல் அட்டை, பவளம் ஆகியவை 2001 முதல் அச்சட்டத்தின் பாதுகாக்கப்பட்ட உயிரினப் பட்டியலில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இலேயே கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. ஆனால் அந்தக் கடலோரப் பிள்ளைகளிடம் நாம் கேட்பது, 'உங்கள் ஊரில் கிடைக்குமே, ஒரு பவளத்துண்டு கொண்டு வா' என்பதுதான். வலையில் தவறிச் சிக்கியதைத் திரும்பக் கடலில் விட வேண்டும் என்று அதிகாரிகள் தந்தைக்குச் சொல்கிறார்கள். அதையே காயவைத்து எடுத்து வா என்று பள்ளி பிள்ளைக்குச் சொல்கிறது. ஒரே வீட்டுக்குள் அரசு இரண்டு குரலில் பேசுவது போலிருக்கிறது.

தவளைக்கு வருவோம். வயல்களில் பூச்சி பெருகக் காரணமாகிறது என்ற கண்டனங்களுக்குப் பிறகு 1987இல் இந்தியா தவளைக்கால் ஏற்றுமதியை நிறுத்தியது. கல்லூரிகளில் விலங்கு அறுவையைப் படிப்படியாகக் குறைக்குமாறு பல்கலைக்கழக மானியக் குழு 2011இல் வழிகாட்டியது. 2014இல் அதை அறவே கைவிடச் சொன்னது. விலங்கியல் பட்டப்படிப்பு மாணவருக்கே தேவையில்லை என்று முடிவான ஒன்று எட்டாம் வகுப்பு மாணவரின் கண்காட்சி மேசைக்கு எதற்கு? அந்தப் புட்டியிலிருக்கும் திரவத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் தொகுதியில் சேர்த்தது. அதன் நீர்க்கரைசலே ஃபார்மலின். மூடி கசியும் புட்டியை நாள் முழுக்க ஒரு குழந்தை காவல் காத்து நிற்கிறது.

இன்னும் இரண்டைச் சொல்ல வேண்டும். ஒன்று, இரத்த வகை கண்டறியும் மேசை. பார்வையாளர்கள் வரிசையில் நிற்க, ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒவ்வொருவர் விரலையும் குத்துவார். ஊசி ஒருவருக்கு ஒன்றுதானா, பயன்படுத்திய ஊசி எங்கே போகிறது என்ற கேள்விகளுக்கு விடை இராது. எச்.ஐ.வி.யும் கல்லீரல் அழற்சிக் கிருமிகளும் இரத்தத்தில் பரவுபவை என்பதை அதே அரங்கின் மூலையில் மற்றொரு சார்ட் விளக்கிக் கொண்டிருக்கும். 2016ஆம் ஆண்டின் உயிர்மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் பள்ளிகளின் முதலுதவி அறைகளையும் விட்டுவைக்கவில்லை. அப்படியிருக்க, இரத்தம் தோய்ந்த பஞ்சு சாதாரணக் குப்பைக்கூடையில் விழுகிறது.

மற்றொன்று, 'நம் கைகளில் கிருமிகள்' என்ற பெயரில் கழிப்பறைக் கதவிலும் கைப்பேசியிலும் துடைத்தெடுத்ததை அகார் தட்டில் வளர்த்துக் காட்டுவது. கண்ணுக்குத் தெரியாத எண்ணிக்கையில் இருந்த ஒன்றைக் கோடிக்கணக்கில் பெருக்கி, அது என்னவென்றே தெரியாமல், மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்கச் சொல்கிறார்கள். கண்காட்சி முடிந்ததும் தட்டு சாக்கடைக்குப் போகிறது. தூய்மையைக் கற்பிக்க வந்த ஆய்வு இது!

3

இவ்வளவையும் கேட்டவுடன் சில தலைமையாசிரியர்கள் ஒரு முடிவுக்கு வருவார்கள் என்பது எனக்குத் தெரியும்: 'வம்பே வேண்டாம். உயிரியலா? சார்ட்டும் மாடலும் போதும்.' என் சண்டை புட்டிக்காரர்களோடு பாதி, இவர்களோடு மீதி. முன்னவர்கள் விதியை அறியாதவர்கள். பின்னவர்கள் விதியைச் சாக்காக்கிக்கொண்டவர்கள். விதி என்பது கதவைச் சாத்துவதற்கு மட்டுமே என்ற எண்ணம் இரு சாராருக்கும் பொது.

உலகின் மிகப்பெரிய பள்ளி அறிவியல் கண்காட்சி அமெரிக்காவில் நடப்பது. 1950இல் ஃபிலடெல்ஃபியாவில் 30 மாணவர்களோடு தொடங்கி, பின்னர் பன்னாட்டுக் கண்காட்சியாக வளர்ந்தது. அதன் விதிநூல் தடிமனானது. அமெரிக்காவில் இருப்பதாலேயே அதைப் பின்பற்ற வேண்டும் என்று சொல்லவில்லை. அந்த விதிகள் எப்படிச் சிந்திக்கின்றன என்பதைக் கவனிக்கலாம்.

மனிதர்களையோ, முதுகெலும்புள்ள விலங்குகளையோ, தீங்கு தரக்கூடிய நுண்ணுயிர்களையோ தொட்டு ஆய்வு செய்வதானால், ஆய்வைத் தொடங்கும் முன்பே திட்டத்தை எழுதிக் கொடுத்து ஒரு குழுவின் ஒப்புதல் பெற வேண்டும். முடித்துவிட்டு வந்து கையெழுத்து வாங்க முடியாது. நுண்ணுயிர்களை வீட்டில் வளர்க்கக் கூடாது. வீட்டிலிருந்து மாதிரி எடுக்கலாம், வளர்ப்பது உரிய பாதுகாப்பு நிலையுள்ள ஆய்வுக்கூடத்தில் மட்டும். எது வளர்கிறது என்று தெரியாத தட்டை மூடி முத்திரையிட்டே வைத்திருக்க வேண்டும். திறந்தால் அந்த ஆய்வே அடுத்த ஆபத்து நிலைக்கு ஏறிவிடும்.

இவை தடைகள். அடுத்த பக்கத்தில் விலக்குகள் இருக்கின்றன, அவைதாம் எனக்கு முக்கியம். ரொட்டிக்கான ஈஸ்ட், தயிரின் லாக்டோபேசில்லஸ் போன்றவற்றை அவற்றின் இயல்பான சூழலில் வைத்து ஆராயத் தனி ஒப்புதல் வேண்டாம். தட்டில் பிரித்து வளர்க்கப் புறப்பட்டால்தான் அந்த விலக்கு போகும். உணவில் பூசணம் பிடிப்பதை ஆராயலாம், பூசணத்தின் முதல் அறிகுறி தென்பட்டதும் நிறுத்திவிட வேண்டும். சாணத்தைக் கொண்டு உரமாக்கும் ஆய்வு, உண்ணத்தக்க காளான் பற்றிய ஆய்வு ஆகியவற்றுக்கும் இடமுண்டு. 'கூடாது' என்று சொல்லும் விதிநூலே 'இந்த எல்லைக்குள் கூடும்' என்றும் சொல்கிறது. நம்மிடம் புழங்குவதோ முதல் பாதி மட்டும்.

எல்லாவற்றையும்விட என்னை யோசிக்கவைத்தது காட்சி மேசை பற்றிய விதி. அங்கே மேசைமேல் உயிருள்ள எதையும், செடியைக்கூட, வைக்கக் கூடாது. பதப்படுத்திய விலங்கு கூடாது, உடலுறுப்பு கூடாது, மண் கூடாது, உணவு கூடாது, நீர் உட்பட எந்தத் திரவமும் கூடாது. நம் அரங்குகளை நிரப்பும் பொருள்களில் பெரும்பாலானவை வாசலிலேயே நிறுத்தப்படும். பிறகு மேசையில் என்னதான் இருக்கும்? ஒரு பலகை, சில படங்கள், வரைபடங்கள், நாள்தோறும் எழுதிய குறிப்பேடு. அருகில் கேள்வி கேட்டால் விடை சொல்லத் தெரிந்த ஒரு மாணவர். அவர்கள் பரிசளிப்பது பொருளைக் கொண்டு தேடியதற்கு. பொருளைக் கொண்டுவந்து வைத்ததற்கு அங்கே மதிப்பெண் கிடையாது. கண்காட்சி என்ற நம் சொல்லில் 'காட்சி' மிகுந்து 'கண்' குறைந்துவிட்டது.

4

சில ஆண்டுகளுக்கு முன் வட்டார அளவிலான ஒரு கண்காட்சிக்கு நடுவர்களுள் ஒருவனாகப் போயிருந்தேன். தமிழாசிரியனை எதற்கு அழைத்தார்கள் என்றால், விளக்கவுரைக்கு மதிப்பெண் போட. சிறுநீரக மாடல் ஒன்றின் அருகே ஒன்பதாம் வகுப்பு மாணவி நின்றிருந்தாள். 'இதை நீயே செய்தாயா அம்மா?' என்று கேட்டேன். 'இல்லீங்கய்யா, கடையில வாங்கினது. நான் வேற ஒண்ணு எழுதி வச்சிருந்தேன். அது சமையல், சயின்ஸ் இல்லேன்னு மிஸ் சொல்லிட்டாங்க' என்றாள்.

கேட்டு வாங்கிப் பார்த்தேன். கோடு போட்ட நோட்டு ஒன்று. அவளுடைய அம்மா வீட்டில் இட்லி மாவு அரைத்துப் பொட்டலம் போட்டு விற்பவர். வெயில் நாள்களில் மாவு சீக்கிரம் புளித்து, மாலைக்குள் விற்காதது வீணாகிவிடுகிறது. எந்தப் பாத்திரத்தில் வைத்தால் மெல்லப் புளிக்கும் என்பது அவள் கேள்வி. எவர்சில்வர், பிளாஸ்டிக், மண்சட்டி மூன்றிலும் ஒரே கரண்டியால் ஒரே அளவு மாவு ஊற்றி, மாலை ஏழு மணிக்கும் காலை ஆறு மணிக்கும் உயரத்தை அடிக்குச்சியால் அளந்து பன்னிரண்டு நாள் எழுதியிருந்தாள். ஓரத்தில் 'வெயில்', 'மழை', 'கரண்ட் இல்லை' என்று குறிப்புகள்.

அந்த அரங்கு முழுவதிலும் அறிவியல் என்று சொல்லத்தக்கது அந்த நோட்டு மட்டும்தான். மேசைமேல் இல்லாததற்கு மதிப்பெண் தர விதியில் இடமில்லை என்று சக நடுவர்கள் சொன்னார்கள். என் வாதம் தனித்து நின்றது. சிவப்பு மையை மோட்டாரால் சுழற்றும் ஓர் இதயம் முதல் பரிசு பெற்றது. அதன் விலைச்சீட்டு அடிப்பலகையில் ஒட்டியபடியே இருந்தது.

அந்த நோட்டில் குறைகள் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு வகைப் பாத்திரத்திலும் ஒன்றுக்குப் பதில் மூன்று வைத்திருக்க வேண்டும். மூன்றின் வாய் அகலமும் ஒன்றாக இருந்திருக்க வேண்டும், இல்லையேல் உயரத்தை ஒப்பிட முடியாது. வெயில் என்று எழுதிய இடத்தில் ஒரு வெப்பமானியின் எண் இருந்திருக்க வேண்டும். இவை ஓர் ஆசிரியர் பத்து நிமிடத்தில் சொல்லித்தரக் கூடியவை. மாவைப் பொங்கவைப்பதில் முதன்மையான பங்கு லியூகோனாஸ்டாக் என்னும் பாக்டீரியாவுக்கு உண்டு என்பதையும், அது வெளியிடும் கரியமில வாயுவே மாவை உயர்த்துகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் அவளுடைய அம்மாவின் தொழிலும் பாடநூலும் ஒரே பக்கத்துக்கு வந்திருக்கும். ஆய்வுக்கு எடுத்த மாவை உண்ணவோ விற்கவோ கூடாது, அளந்தபின் கொட்டிக் கழுவிவிட வேண்டும் என்பதே அதில் தேவைப்பட்ட பாதுகாப்பு விதி. அதைச் சொல்வதற்குப் பதில் 'சமையல்' என்று சொல்லி அனுப்பினார்கள்.

இங்கே இழக்கப்பட்டது ஒரு பரிசு மட்டுமல்ல. தன் வீட்டுப் பிழைப்பைப் பற்றிக் கேள்வி கேட்கலாம், அதற்கு விடை தேடுவதன் பெயர் அறிவியல் என்ற நம்பிக்கையை ஒரு பதினான்கு வயதுப் பெண் இழந்தாள். பணம் கொடுத்து வாங்கியதுதான் அறிவு என்று பள்ளி அவளுக்கு எழுத்து மூலம் சான்றளித்தது. காசுள்ள பெற்றோருக்கு இந்த ஏற்பாட்டால் நட்டமில்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைக்கோ, தான் உண்மையாகவே பணக்காரியாக இருக்கும் ஒரே இடமான கொல்லையையும் அடுப்படியையும் வயலையும் பொருளற்றவை என்று சொல்லிவிடுகிறோம்.

அடுப்படியில் தொடங்கினால் முடிவே இல்லை. நூறு மில்லிலிட்டர் நீருக்கு அரை கிராம், ஒரு கிராம், இரண்டு கிராம் என்று உப்புக் கரைத்து, ஒவ்வொன்றிலும் முப்பது பச்சைப்பயறை ஈரத்துணியில் முளைக்கவிட்டு, வெறும் நீரில் முளைத்ததோடு ஒப்பிடலாம். உவர் நிலத்து விவசாயியின் துயரம் அந்த நான்கு தட்டுகளில் இருக்கிறது. செம்பருத்தி இதழையோ சங்குப்பூவையோ வெந்நீரில் ஊறவைத்த சாறு, எலுமிச்சையில் ஒரு நிறமும் சோப்பு நீரில் வேறு நிறமும் காட்டும். தயிர் உறைய எந்தச் சூடு ஏற்றது, வேப்பிலைச் சருகும் மாவிலைச் சருகும் மண்ணில் மட்க எத்தனை நாள் எடுக்கின்றன, எறும்பு சீனியை நாடுமா கருப்பட்டியை நாடுமா என்று கேட்டுக்கொண்டே போகலாம். எறும்பைக் கொல்ல வேண்டியதில்லை, எண்ணினால் போதும்.

எண்ணுவது என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 2015 முதல் தமிழகத்தில் பொங்கல் நாள்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. யார் வேண்டுமானாலும் தம் வீட்டு வாசலில் நின்று பார்த்த பறவைகளை எண்ணிப் பதிவு செய்யலாம். கூட்டை அறுக்க வேண்டாம், கூண்டு வேண்டாம். 1993இல் தேசிய அளவில் தொடங்கிய குழந்தைகள் அறிவியல் மாநாடும் இந்த வழியில் வந்ததே. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் ஒருங்கிணைப்பில் கிராமத்துப் பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து தம் ஊர் ஏரியையும் குப்பையையும் கிணற்றையும் ஆராய்ந்து கட்டுரை படைத்தார்கள். நம்மிடம் மாதிரி இல்லாமல் இல்லை. அதை நம் பள்ளிக் கண்காட்சிகளுக்குள் வர விடாததுதான் கோளாறு.

5

கொல்லையைப் புகழ்ந்ததால், 'இயற்கையானது எல்லாம் பாதுகாப்பானது' என்ற மூடநம்பிக்கைக்கு நான் துணைபோவதாக யாரும் கொள்ள வேண்டாம். அந்த நம்பிக்கை ஃபார்மலினுக்குச் சற்றும் குறைந்த நஞ்சல்ல. சிவப்பும் கறுப்புமாக அழகு காட்டும் குன்றிமணி உடைத்து விழுங்கினால் உயிரைக் குடிக்கும். அரளியின் எல்லாப் பகுதியும் நஞ்சு. ஊமத்தை விதையும் ஆமணக்கு விதையும் அப்படியே. எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. இவையெல்லாம் 'மூலிகைக் கண்காட்சி'யில் பெயரட்டையோடு, எச்சரிக்கை அட்டை இல்லாமல், சிறு குழந்தைகள் கைக்கெட்டும் உயரத்தில் வைக்கப்படுகின்றன.

இலையின் பச்சையத்தை நீக்க ஸ்பிரிட்டை நேரே நெருப்பில் காய்ச்சுவதும் இத்தகையதே. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து, ஆசிரியர் முன்னிலையில் செய்ய வேண்டிய வேலை அது. பதினெட்டு வயது நிரம்பாதவருக்கு அமிலம் விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013இல் ஆணையிட்டது. மாணவரிடம் பட்டியலைக் கொடுத்து, 'கடையில் போய் ஆசிட் வாங்கிவா' என்று அனுப்பும் ஆசிரியர் அந்த ஆணையைப் பிள்ளையைக் கொண்டே மீறுகிறார்.

மூலிகை அரங்குகளைப் பற்றி மேலும் ஒரு சொல். 'நம் முன்னோர் அறிவியல்' என்ற தலைப்பில் ஒரு கஷாயத்தைக் காய்ச்சி, பார்வையாளர்களுக்குக் குடிக்கக் கொடுத்து, இன்ன நோய் தீரும் என்று ஒப்பிக்க வைக்கிறார்கள். மனிதருக்கு ஒன்றைக் கொடுத்து விளைவைப் பார்ப்பது மனிதர்மேல் செய்யும் ஆய்வு. அதற்கு முன் ஒப்புதல் வேண்டும், குடிப்பவரின் சம்மதம் வேண்டும். முன்னோர் பெயரைச் சொல்வது இவ்விரண்டுக்கும் மாற்றாகாது. முன்னோர்மேல் மரியாதை இருந்தால் அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேறொன்று இருக்கிறது: பார்க்கும் பழக்கம். குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்கள் எண்ணப்படுவதாக என் மாணவர்கள் தேர்வில் தவறாமல் எழுதுகிறார்கள். வளாகத்து மரங்களில் பூத்திருப்பதில் ஐந்தைப் பெயர் சொல்லக் கேட்டால் வகுப்பில் அமைதி நிலவுகிறது. பூவின் பெயரைப் பாட்டில் கண்டு மரத்தில் காணாதவன் இலக்கியமும் படிக்கவில்லை, உயிரியலும் படிக்கவில்லை என்பேன்.

6

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியாதவை அல்ல. அறுபது பேர் வகுப்பில் ஒவ்வொருவரின் நோட்டையும் பார்க்க நேரம் ஏது என்பார்கள். அறுபது மாடல்களைப் பார்வையிட நேரம் இருக்கிறதே, அந்த நேரம் போதும். ஐவர் சேர்ந்து ஒரு கேள்வி என்றால் பன்னிரண்டு நோட்டுகள்தாம். பெற்றோர் பளபளப்பை எதிர்பார்க்கிறார்கள் என்பார்கள். பெற்றோருக்குப் பளபளப்பைப் பழக்கியது யார்? தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தெர்மகோல் தட்டையும் குவளையையும் தடை செய்தது. உணவுக்கு ஆகாத தெர்மகோல் அறிவுக்கு மட்டும் ஆகும் என்று அவர்களை நம்பவைத்தவர்கள் நாம்தாம்.

சட்ட விதிகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன, எங்களுக்குப் புரியவில்லை என்பது மட்டுமே நான் தலைவணங்கும் வாதம். இங்கேதான் இந்தப் பக்கத்தை வாசிக்கும் இலக்கிய நண்பர்களை வம்புக்கிழுக்க விரும்புகிறேன். ஒரு பிரெஞ்சுக் கவிதையின் இரண்டு தமிழாக்கங்களில் எது செறிவானது என்று மாதக்கணக்கில் விவாதிக்க நமக்கு ஆற்றல் இருக்கிறது. எந்த உயிரைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது, எதற்கு யாரிடம் கேட்க வேண்டும் என்று ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை படித்தறியத்தக்க நல்ல தமிழில் ஒரு பக்கம் எழுத நமக்குத் தோன்றியதில்லை. நான் நுழைந்த எந்தப் பள்ளியின் அறிவிப்புப் பலகையிலும் அப்படியொரு பக்கத்தைக் கண்டதில்லை. கலைச்சொல் உருவாக்கத்தைப் பற்றி மேடைகளில் முழங்குகிறோம். கலைச்சொல் பிறக்க வேண்டிய இடம் அந்த ஒரு பக்கம்.

அந்தப் பக்கத்தில் 'அனுமதி' என்ற சொல்லைவிட 'ஒப்புதல்' என்ற சொல்லையே நான் எழுதுவேன். அனுமதி மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்குத் தருவது. ஒப்புதலில் இருவர் சேர்ந்து சிந்தித்தது தெரிகிறது. மாணவர் தன் கேள்வியையும், தேவைப்படும் பொருளையும், அது எங்கிருந்து வருகிறது, வேலை முடிந்தபின் எங்கே போகும் என்பதையும் எழுத வேண்டும். ஆசிரியர் அதைப் படித்து, ஆபத்தைச் சுட்டி, தொடங்கும் முன் கையெழுத்திட வேண்டும். 'எங்கிருந்து வருகிறது, எங்கே போகும்' என்ற இரண்டு கேள்விகளை நேர்மையாகக் கேட்டாலே பவளத்துண்டும் இரத்தப் பஞ்சும் அகார் தட்டும் தாமாக உதிர்ந்துவிடும். மிஞ்சுவது குறைவாக இருக்கும் என்று அஞ்ச வேண்டாம். மிஞ்சுவதுதான் உயிரியலின் பெரும்பகுதி.

என் கோரிக்கைகள் மூன்றே. விலைக்கு வாங்கிய மாடலுக்கு மதிப்பெண் இல்லை என்று அறிவியுங்கள். புட்டிகளை மேசையிலிருந்து அகற்றுங்கள், இனி புதிதாக ஒன்றும் நிரப்பாதீர்கள். குறிப்பேட்டுக்குப் பாதி மதிப்பெண் ஒதுக்குங்கள். இவற்றுக்குப் பணம் தேவையில்லை, அரசாணைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த கண்காட்சிக்கே ஒரு தலைமையாசிரியர் தன் கையெழுத்தில் செய்துவிடக் கூடியவை.

செய்ய மனமில்லை என்றால், குறைந்தபட்சம் 'பொருள் கிடைப்பதில்லை' என்று பிள்ளைகளிடம் சொல்வதையாவது நிறுத்திக்கொள்ளலாம். அவர்கள் வீட்டில் இன்றிரவும் மாவு பொங்கும்.